பீர்க்கன்கரணையில் சைக்கிள் ஓடியவள்

கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை ஓரத்துப் பீர்க்கன்கரணைக்கு வந்த மூன்றாவது வாரமே என் கணவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குச் சரக்குக் கப்பலில் உத்தியோகம். போனால் திரும்ப எட்டு மாதம். அவர் பிறந்து வளர்ந்த ஊரில், ஏரிக்கரைப் பக்கத்து மாடி வீட்டில், நான் தனியாக இருந்தேன்.

வெளிநாட்டில் இருக்கிறேன் என்பது உறைக்கவே சில நாள் ஆனது. கடைப் பலகையும் பஸ் கூச்சலும் தெருச் சண்டையும் தமிழிலேயே இருக்கும்போது எப்படி உறைக்கும்? ஆனால் நான் வாயைத் திறந்தால் போதும், "நீங்க கேரளாவா?" என்று கேட்டார்கள்.

ஊரில் நான் அறிவியல் ஆசிரியை. இங்கே என் சான்றிதழ் செல்ல ஏதேதோ தாள்கள் வேண்டுமென்று இரண்டு பள்ளிகளில் சொல்லிவிட்டார்கள். நாவலூரில் தொலைபேசியில் பேசும் வேலை ஒன்று கிடைத்தது. இரண்டாம் நாள் மதியம் மேற்பார்வைப் பெண் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசுறது கேக்க அழகா இருக்கு. ஆனா கஸ்டமருக்குப் புரியல."

அன்றோடு அந்த வேலை போனது. பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

எங்கள் தெரு முனை மெடிக்கல் ஷாப்பில், வீடுகளுக்கு மருந்து கொண்டுபோக ஆள் வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கடைக்காரரைத் தெருவே பாய் என்று கூப்பிடும். நேராகப் போய்க் கேட்டேன்.

"எனக்குச் சைக்கிள் வடிவா ஓடத் தெரியும், அண்ணா."

"சைக்கிள் பின்னாடியாம்மா ஓடுவே?" என்றார். மாத்திரை வாங்க நின்றவர்களும் சிரித்தார்கள்.

"ஓட்டத் தெரியும்" என்று திருத்தினேன்.

"பைக் வெச்சிருக்கற பசங்களைத் தேடுறேன்மா. லேடீஸ், அதுவும் சைக்கிள்ல..."

"ஒரு கிழமை பாருங்கோ."

"எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமையா?"

"ஒரு வாரம்!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அந்தச் சத்தத்துக்காகத்தான் சேர்த்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

எங்கள் ஊரில் பள்ளிக்கும் கோயிலுக்கும் சேலையோடு சைக்கிளில் போய் வந்தவள் நான். தாம்பரத்தில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, பிரேக் மாற்றி, முன்னால் கூடை கட்டினேன். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு மணிச் சத்தம் கேட்டாலே கதவைத் திறந்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர், முந்தின நாளிலிருந்தே மின்சாரமில்லை. பைக்கில் மருந்து கொண்டுபோகும் கடைப் பையன்கள் இருவரின் வண்டிகளும் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டன. அப்போதுதான் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கடைக்குப் போன் செய்தார். கணவருக்கு இன்சுலின் தீரும் நிலை. இருந்ததும் ஃபிரிட்ஜ் ஓடாமல் கெட்டிருக்குமோ என்று பயம்.

"நான் போறன்" என்றேன்.

"வேணாம்மா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் வீட்டுக்காரருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அவர் நடுக்கடலில நிக்கிறார். முழங்கால் தண்ணியைப் பற்றி அவர் என்னோட கதைக்க ஏலாது."

ஜெனரேட்டரில் ஓடிய கடை ஃபிரிட்ஜிலிருந்து பாய் மருந்தை எடுத்து, ஐஸ் பையோடு ஃபிளாஸ்க்கில் வைத்து, அவரே கூடையில் கட்டினார்.

ஏற முடியவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தேன். முன்சக்கரத்தால் தரையைத் தடவிப் பார்த்து அடியெடுத்து வைத்தேன். பாதித் தெருவில் ஒரு மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்: "அக்கா, லெஃப்ட்ல போவாதே! மூடி இல்லாத கால்வா கீது!" அவர் சொல்லி முடிக்கும்போதே சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. பின்னால் இழுத்தேன். ஃபிளாஸ்க் நனையவில்லை.

டீச்சர் மாடிப்படியில் காத்திருந்தார். "தனியாவா வந்தே?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். கணவருக்கு ஊசி போட்டுவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் பக்கத்து மாடிகளிலிருந்து குரல்கள் வரத் தொடங்கின. பிரஷர் மாத்திரை, குழந்தைக்குப் பால் பவுடர், காய்ச்சல் மருந்து. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். ஒருவரும் என் பேச்சு புரியவில்லை என்று சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவுக்கு ஐந்து முறை போய் வந்தேன்.

கடைக்குத் திரும்பியதும் பாய் தன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்கார வைத்தார். "யாரு பாய் இவங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நம்ம கடை ஆளு" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பங்குனியில் கணவர் வந்தார். முதல் நாள் மாலை இருவரும் கடைத்தெருவுக்கு நடந்தோம். பூக்காரம்மா, ஆட்டோ அண்ணா, டீச்சர் என்று எல்லோரும் என்னை நிறுத்திப் பேசினார்கள். அவரை யாரென்று விசாரித்தார்கள்.

"இது நான் பொறந்த ஊரா, நீ பொறந்த ஊரா?" என்றார் அவர்.

சிரித்துக்கொண்டே அவர் கையில் காய்கறிப் பையைக் கொடுத்தேன். எனக்கு இன்னும் இரண்டு வீடுகளுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது.