வாயு மூலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு

சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஹமீதா டீச்சர் போய்விட்டார். வேங்கிக்காலில் நம் தெருவுக்கு முதலில் குடிவந்தவர் அவர். அவர் கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் நம்மில் யார் வீடு கட்டினோம்?

எழுபதுகளில் இங்கே வேர்க்கடலை நிலம்தான். பெய்த மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்கும். கிணறு குனிந்தால் எட்டும் அளவுக்கு நிறையும். பிறகு மனை போட்டார்கள். ஏரிக்குப் போன கால்வாயில் மண்ணைக் கொட்டி ரோடாக்கினோம். கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது. அப்போதும் ஹமீதா அக்கா கதவைச் சாத்தவில்லை. "தண்ணிக்கு வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்கக் கூடாது" என்பார்.

நான் வீடு கட்டியபோது, கக்கூஸ் குழியை வடமேற்கில், வாயு மூலையில்தான் தோண்ட வேண்டும் என்று மேஸ்திரி அடம்பிடித்தார். மனை சாஸ்திரமாம். அந்த மூலைக்குச் சுவரை ஒட்டி அந்தப் பக்கம் அக்காவின் கிணறு. "கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க தம்பி, கிணறு கிட்டக்க இருக்கு" என்றார். "உள்ள சிமெண்ட் பூசிடுவோம்க்கா, ஒண்ணும் ஆகாது" என்றேன். பூசினால் குழி சீக்கிரம் நிரம்பிவிடும் என்றார் மேஸ்திரி. அதற்கும் தலையாட்டி, பூசாமலே விட்டேன். மகா புத்திசாலி நான்!

சில வருடம் கழித்து, நோன்பு மாதத்தில் வழக்கம்போல் தெருவுக்கெல்லாம் கஞ்சி கொடுத்தனுப்பினார். ருசி மாறியிருந்தது. "என்னக்கா, கைப்பக்குவம் கம்மியாயிடுச்சா?" என்று கிண்டல் செய்தேன். "வயசாகுதில்ல தம்பி" என்று சிரித்தார். அவர் மகன்தான் பிறகு என்னிடம் சொன்னான்: கிணறு நாற ஆரம்பித்து மாதக்கணக்காகிறது, கஞ்சிக்கு டவுனிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவருகிறான். "யார்கிட்டயும் சொல்லாதன்னு அம்மா சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டுல சங்கடப்படுவாங்களாம்."

அய்யோ, அன்றைக்கே அந்தக் குழியை மூடியிருக்க வேண்டாமா? அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதற்கடுத்து வேறு ஏதோ. அக்கா ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இந்தச் சனிக்கிழமை மதியம் அவர் உடலைக் குளிப்பாட்ட, பிற்பாடு வந்த தெருக்குழாயிலிருந்து நாமெல்லாம் குடம் குடமாகச் சுமந்தோம். தெருவுக்கே தண்ணீர் கொடுத்தவர் வீட்டில், அவர் மேல் ஊற்ற நல்ல தண்ணீர் இல்லை. நானும் சுமந்தேன். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தச் சிரிப்புதான். என் வீட்டுச் சாக்கடையைத் தன் கிணற்றில் வாங்கிக்கொண்டு, பழியைத் தன் வயதின் மேல் போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு. குழி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.