ஃபிளமெங்கோவுக்கு ஒரு பொன்னாடை

நான் ஃபிளமெங்கோவை நேரில் பார்த்தவள். ரங்கத் என்கிற எங்கள் தீவு ஊரில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய இன்னொருவர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எப்படிப் பார்த்தாய் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே மாற்றப் போவதில்லை.

ரங்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஒப்பந்த வேலை. கல்வியாண்டு முடிந்தால் என் வேலையும் முடிந்துவிடும். போர்ட் பிளேரில் ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டால் மறுபடி உயிர் வரும். எங்கள் வீட்டில் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அம்மாவும் தினமும் பள்ளிக்கூடம் போகிறவள்தான், மதியச் சாப்பாடு சமைக்க. அப்பா பாக்குத் தோட்டத்தில் மரம் ஏறுகிறார். அந்த வீட்டிலிருந்து எம்.ஏ. வரை எப்படி வந்தாய் என்று தலையைச் சாய்த்துக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதனால் அந்தக் கதையை விட்டுவிடுகிறேன்.

அந்த வருடம் என் கோப்பு சிக்கிக்கொண்டது. வரலாற்றுக்குத் தனியாக ஆள் எதற்கு, இருக்கிறவர்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று யாரோ ஒரு புத்திசாலி ஓரத்தில் குறிப்பு எழுதிவிட்டார். கோப்பு அதிகாரியின் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. நேரில் போனால்தான் நகரும் என்றார்கள். விடியுமுன் பஸ் ஏறி, காட்டுச் சாலையில் வண்டிகளைக் கூட்டமாக விடும் கான்வாய்க்குக் காத்திருந்து, படகில் கடந்து, போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தேன். ஊருக்கு வெளியே சிப்பிகாட் பகுதியில் சித்தி வீட்டில் தங்கினேன்.

அலுவலகத்தின் தலைமை கிளார்க் நம் ஆள். பெற்றோர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இவர் இங்கேயே பிறந்தவர். தமிழும் இந்தியும் அவர் வாயில் ஒரே சட்டியில் கொதிக்கும்.

"ஃபைல் சார் டேபிள்லதான் இருக்கு. நான் என்ன பண்றது? அவரா எடுத்துப் பார்த்தாத்தான்."

"எப்ப பார்ப்பார் சார்?"

"அரே, மூட் இருக்கணும்ல." காதைக் குடைந்துகொண்டே என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "சனிக்கிழமை இங்கதான் இருப்பியா? வண்டூர்ல ஒரு ரிசார்ட்டுல ஸ்பெயின் டான்ஸ் இருக்கு. மொத்தமே நாப்பது பேரு. சார்தான் சீஃப் கெஸ்ட். இங்கிலீஷ் தெரிஞ்ச பொண்ணுங்க ரெண்டு பேரு வேணும்னாங்க. நீ வந்துரு. சார் கண்ணுல பட்ட மாதிரியும் இருக்கும், அது போதும்."

இங்கிலீஷ் தெரிந்த பெண். என்னைக் கவிழ்க்க அது போதுமானதாக இருந்தது. வந்திருக்கும் கலைஞர்களோடு பேச ஆள் வேண்டும்போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு சாயங்காலம் சித்தி வீட்டு மொட்டை மாடியில், சிக்னல் வரும் மூலையில் நின்று ஃபிளமெங்கோவைப் படித்தேன். பாடுகிறவர் உண்டு, கிதார் வாசிக்கிறவர் உண்டு, ஆடுகிறவர் உண்டு. உட்கார்ந்திருப்பவர் கைதட்டுவதும் வாத்தியம்தான். ஆட்டத்தின் நடுவே எல்லாம் நின்று போகும். அது முடிவல்ல, அப்போது பார்க்கிறவர்கள் கை தட்டக் கூடாது. இதையெல்லாம் பரீட்சைக்குப் போகிறவள்போல மனப்பாடம் செய்தேன். எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் செய்தியும் போட்டேன். கணக்கு டீச்சர் ஒரு கட்டை விரலை அனுப்பினார். அவருக்குப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நல்ல கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு வண்டூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். ரிசார்ட்டின் சாப்பாட்டு அறையில் மேசைகளை ஓரம் தள்ளி மூன்று வரிசை போட்டிருந்தார்கள். முதல் வரிசை சோபா. முதுகுப்பக்கம் வெள்ளைத் துண்டு. எதிரே இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை மேடை. பின்னால் பேனர். பேனரில் வாயில் ரோஜாப்பூவைக் கடித்தபடி ஒரு மெலிந்த பெண். அவளுக்குப் பின்னால், எதற்கென்று தெரியவில்லை, ஒரு காளை. சீஃப் கெஸ்டின் பெயர் ஆடப் போகிறவளின் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

கிளார்க் ஓடி வந்து, சிவப்பு வெல்வெட் விரித்த ஒரு தட்டை என் கையில் வைத்தார். அதன்மேல் பிளாஸ்டிக் உறையோடு ஒரு பொன்னாடை.

"இதப் பிடி. அந்தப் பொண்ணு பொக்கே, நீ ஷால். சார் எந்திரிச்சதும் நீ பின்னாடியே போகணும். அவரு கையை நீட்டுவாரு, நீ தட்டைக் கிட்டக் கொண்டு போகணும். அவ்ளோதான்."

"சார், நான் பார்க்க வந்தேன்."

"பாரும்மா, யார் வேணாம்னது? ஃப்ரன்ட்லயே நிக்கப் போற. எல்லாரையும் விட உனக்குத்தான் நல்லாத் தெரியும். கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா மட்டும் இரு."

தட்டை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. கோப்பு அந்த மேசையில் இருந்தது. வரலாறே வேண்டாம் என்று எழுதிய குறிப்பு அதன் ஓரத்தில் இருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பொக்கே பிடித்திருந்தவள் ஒரு வங்காளிப் பெண், நர்சிங் படிக்கிறாள். இது அவளுக்கு ஆறாவது விழாவாம். காலை மாற்றி மாற்றி ஊன்றுங்கள் தீதி, இல்லாவிட்டால் மரத்துவிடும் என்று இந்தியில் யோசனை சொன்னாள். அந்த மாலையில் எனக்கு உருப்படியாக ஏதாவது சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அதிகாரி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அதற்குள் வெளியே இருட்டிவிட்டது. பிறகு குத்துவிளக்கு. கடற்காற்றில் மெழுகுவத்தி மூன்று முறை அணைந்தது. ஆட வந்தவளையும் இழுத்து வந்து அதைப் பிடிக்க வைத்தார்கள். அப்போதுதான் அவளை முழுதாகப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். தடித்த இடுப்பு, வரைந்த புருவம், கழுத்தில் பவுடர் திட்டு. பேனரில் இருந்தவள் எங்கே என்றுதான் எனக்கும் தோன்றியது. மற்றவர்களைவிட நான் உயர்ந்தவள் இல்லை.

கிளார்க் மைக்கைப் பிடித்து, இது ஸ்பெயின் நாட்டுப் பரதநாட்டியம் என்று அறிவித்தார். அதிகாரி பேசினார். ஸ்பெயினுக்கும் கடல் உண்டு, நமக்கும் கடல் உண்டு; இதைச் சொல்லி முடிக்க அவருக்கு இருபது நிமிடம் தேவைப்பட்டது. முன்வரிசை கை தட்டியது. பின்வரிசைகளில் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த புதுமண ஜோடிகள் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தங்கள் முகங்களோடு மேடையும் விழும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒருவழியாக ஆரம்பித்தது. பாடகர் தொந்தி பெருத்த மனிதர். முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு பாடினார். குரலில் இனிமை என்று எதுவும் இல்லை. வேலியைத் தள்ளி நட்டுவிட்ட பக்கத்துத் தோட்டக்காரனிடம் ஒருவர் நியாயம் கேட்பதுபோல இருந்தது. கேட்கக் கேட்க, அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. கிதார்க்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் எழுந்து பலகைமேல் வந்து நின்றாள்.

அவள் சிரிக்கவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். எங்கள் விழாக்களில் ஆடுகிற பெண், பாடுகிற பெண், தட்டுப் பிடிக்கிற பெண் எல்லோரும் சிரித்தாக வேண்டும். இவள் தன்னை முக்கால் மணி நேரம் காக்க வைத்தவர்களை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தாள். கையை மேலே கொண்டு போனாள், விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. குதிகால் பலகையில் இறங்கியது. அடுத்தடுத்து இறங்கியது. இரண்டு கை தூரத்தில் நின்றிருந்த என் பாதத்துக்குள் அது ஏறி வந்தது. தட்டில் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. வேர்வை அவள் மோவாயிலிருந்து பலகையில் சொட்டுவதும் தெரிந்தது. கிளார்க் சொன்னது பொய்யில்லை, எனக்குத்தான் எல்லாரையும் விட நன்றாகத் தெரிந்தது.

முன்வரிசைக்கு மீன் வறுவல் வந்தது. சர்வர் குனிந்து, சாஸ் வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வேறொரு விழாவும் இருந்தது. பார்த்துவிட்டுக் கிளார்க்கைப் பார்த்தார்.

அப்போது எல்லாம் நின்றது. பாட்டு இல்லை, கிதார் இல்லை. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஒரு கை தூக்கியபடி அசையாமல் நின்றாள். பாடகரின் விரல்கள் மட்டும் தொடையில் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தன. அந்த அறையில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கிளார்க் மைக்கில் பாய்ந்தார். "ஜோர்தார் தாலியான்."

பலமாகக் கை தட்டச் சொல்கிறார். தட்டினார்கள். அதிகாரி எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வங்காளிப் பெண் பொக்கேயோடு இரண்டு அடி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து நின்றாள். கிளார்க் கண்ணால் என்னை விரட்டினார். நான் நகரவில்லை.

இதை வீரம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில், படித்து வைத்திருந்த ஒரு விஷயத்தில் நான் சரி, இவர்கள் தப்பு என்கிற அகங்காரம். எம்.ஏ. படித்தவளைத் தட்டுத் தூக்க வைத்ததற்குக் கணக்குத் தீர்க்கிற அகங்காரமும்.

அதிகாரி பலகையருகே வந்து, திரும்பிப் பாராமல், வலது கையைப் பின்னால் நீட்டினார். அந்தக் கைக்கு வாழ்நாளில் பொன்னாடை வராமல் இருந்ததே இல்லை. விரல்கள் விரிந்தன. மூடின. மறுபடி விரிந்தன. அந்த நேரத்தில் அவள் குதிகால் இறங்கியது. அவர் அரை அடி துள்ளிப் பின்வாங்கினார். அவள் திரும்பினாள், அவரை ஒரு தூணைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றி ஆடினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிறிது நேரம் வெறுங்கையோடு நின்றார், பிறகு நேராக வாசலுக்கு நடந்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆட்டம் இன்னும் கால் மணி நேரம் நடந்தது. அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. அதற்காக நகராமல் நின்றவளே அதைப் பார்க்கவில்லை என்றால் நம்பமாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான். கண் பலகையில் இருந்தது, மனம் கோப்பில் இருந்தது. முடிந்ததும் அவள் என்னைக் கடந்து போனாள். ஒரு பார்வையாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் சர்வரிடம் சைகை காட்டி ஐஸ் கேட்டாள், முழங்காலுக்கு வைத்துக்கொள்ள.

கிளார்க் என்னை ஜெனரேட்டர் அறைப் பக்கம் கூட்டிப் போனார்.

"க்யா ஹுவா தேரேகோ? கால் வெளங்கலயா?"

"இன்னும் முடியல சார். நடுவுல நிறுத்துவாங்க. அதான் அந்த டான்ஸோட வழக்கம்."

"முடிஞ்சுதா முடியலயான்னு நீயா சொல்லணும்? சீஃப் கெஸ்ட் எந்திரிச்சா முடிஞ்சுது. உன் ஃபைல் யாரு டேபிள்ல கெடக்குன்னு தெரியும்ல?"

"தெரியும் சார். தட்டுத் தூக்கினாத்தான் கையெழுத்துன்னு எந்த சர்க்குலர்ல இருக்கு?"

"வாயி மட்டும் நல்லா வெளங்குது," என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

ஞாயிறு முழுவதும் அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஆங்கிலத்தில் தயார் செய்தேன். கலைக்கு மரியாதை, படித்த பெண்ணுக்கு மரியாதை, எல்லாம் அதில் இருந்தது. நல்ல வாக்கியங்கள். திங்கட்கிழமை காலையிலிருந்து மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கிளார்க் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், களைப்பாக இருந்தார்.

"நேரா உள்ள போ. அவருக்கு இந்த மூஞ்சி அந்த மூஞ்சி எல்லாம் நெனப்பு இருக்காது. நீயாப் போயி ஞாபகப்படுத்தாத. சமஜ்கயா?"

அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ரங்கத் மே பாரிஷ் ஹுவா க்யா?" என்று மழையை விசாரித்தார். ஆமாம் என்றேன். எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறாய் என்றார். நான்கு என்றேன். வரலாற்றுக்கு ஆள் வேண்டாம் என்ற குறிப்பை விரலால் தடவி, யார் இதை எழுதியது, வரலாறு இல்லாமல் எப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை என்பது எனக்கு வசதியாக இல்லை. பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆப்கோ கஹீன் தேகா ஹை."

எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்கிறார். என் வாக்கியங்கள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன. பேனா முனை தாளுக்கு ஓர் அங்குலம் மேலே இருந்தது.

"நஹி சார்," என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். பள்ளிச் சமையலறையில் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"போட்டாரா?"

"போட்டுட்டாரும்மா."

"எதுனா கேட்டாரா? நீ எதுவும் பேசிக்கீசி வெக்கலியே?"

"பேசல."

"நல்லது," என்றாள் அம்மா. இத்தனை வருடத்தில் அவள் என்னைப் பாராட்டி எனக்குக் கூசியது அந்த ஒரு முறைதான்.