மூன்று ‘கேக்குதா’

மரியநாதன் அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. செனாய் என்ற ஊரில் நாங்கள் இருவரும் அலுவலகங்களுக்கு இன்டர்நெட் போன் மாட்டிக்கொடுக்கிறோம். பக்கவாதத்தில் படுத்த மனைவி கெர்ட்ரூடைக் கோத்தா திங்கியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். அங்கே அறைகளில் போன் இல்லை. அடுத்த வாரமே தாமே மாட்டத் தொடங்கிவிட்டார்.

போன்கள் கம்பெனிகள் கழித்துவிட்டவை, மூன்று பிராண்டு. அவற்றை இணைத்தது, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இந்த மாடுகள் ஒன்றையொன்று முட்டின. மணி ஒழுங்காக அடிக்கும். குரலை எப்படி அனுப்புவது என்பதில் மட்டும் போனும் மென்பொருளும் ஒத்துப்போகாது. ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் ஊமை. ‘ஒருவழி’ என்போம். அதற்கு ஒரு விதியும் உண்டு: சத்தமில்லாத அழைப்பு வந்தால் மூன்று முறை “கேக்குதா?” என்று கேள், வை, செட்டிங்கைப் பார். அந்த விதியை ஏற்படுத்தியவன் நான்தான்.

அண்ணிக்கு ஒரு கையும் காலும் விழுந்ததே தவிர வாய் விழவில்லை. தினமும் நாலு மணிக்கு அழைப்பார்.

“சாப்ட்டீங்களா, இல்ல அந்த போனயே தின்னுட்டீங்களா?”

பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்கும். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

அந்த வியாழக்கிழமையும் நாலு மணிக்கு அழைப்பு வந்தது. பேச்சில்லை.

“கேக்குதா? கெர்ட்ரூட், கேக்குதா? கேக்குதா?” வைத்துவிட்டார். “அலமாக்,” என்று சலித்துக்கொண்டார். “அவ ரூம் மறுபடியும் ஒருவழி லா.”

லேப்டாப்பைத் திறப்பதற்குள் மறுபடி மணி. மறுபடி மூன்று ‘கேக்குதா’. பிறகு இங்கிருந்தே செட்டிங்கை மாற்றி, அண்ணியின் போனை அணைத்து மறுபடி இயக்கினார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. சரியாகிவிட்டது என்று தேநீர் குடிக்கப் போனோம்.

நாலரைக்கு இல்லத்துத் தாதி அழைத்தார். இரண்டாவது பக்கவாதம். உயிர் போய்விட்டிருந்தது. ரிசீவர் அண்ணியின் கையிலேயே இருந்ததாம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தார். இரண்டு அழைப்பிலும் இரு பக்கமும் சத்தம் ஒழுங்காகப் போய் வந்திருந்தது.

“லைன் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. வாய்தான் வரல அவளுக்கு. நான் பேசுனதெல்லாம் கேட்டுருக்கா. கேக்குதா, கேக்குதான்னு கேட்டுட்டு வச்சிட்டேனே. அப்புறம் போனையும் அணைச்சிட்டேனே.”

எனக்கு அழுகை வந்தது. விதி என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் சத்தமில்லாத அழைப்பை அண்ணன் வைப்பதில்லை. போன வாரம் குளுவாங்கில் ஒரு கடைக்குப் போன் மாட்டிச் சோதித்தோம். ஒருவழி. அண்ணன் காதில் வைத்தபடியே நின்றார்.

“கேக்குதும்மா,” என்றார். “சொல்லு. நான் இருக்கேன்.”

நான் செட்டிங்கைத் தொடவில்லை.