ஆனந்தராஜா மொட்டையடித்த கதை

ஆனந்தராஜாவுக்குப் பிடித்த பாட்டு எதுவும் ஏழு நிமிடத்துக்குக் குறையாது. அதற்குள் முடிந்துவிடுவதைப் பாட்டு என்றே அவன் ஒப்புக்கொள்வதில்லை. எழுபதுகளில் லண்டன் குழுக்கள் வாசித்த ராக் பாட்டுகளில் பத்தைப் பொறுக்கி ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தான். நாலாவதும் ஐந்தாவதும் இடம் மாறினால் ஆயர் ஈத்தாம் ஊரில் இருந்த அடுக்குமாடி வீட்டில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. கேட்க இருந்தவள் தங்கை ஞானாம்பிகை ஒருத்திதான். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவள், அண்ணனுக்குச் சமைத்து, சட்டை தேய்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள்.

துறைமுகத்தில் குமாஸ்தா வேலை அவனுக்கு. தோளுக்குக் கீழே இறங்கிய முடியை ரப்பர் வளையத்தில் கட்டிக்கொண்டு போவான். மாலையில் அவிழ்த்துவிட்டுக் கிட்டாரை எடுத்தால் கலைஞன்.

கலைஞனுக்கு டிவி என்றால் ஆகாது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் நிஜமாகவே வாசித்தார்களாம்; டிரம்ஸ்காரன் நெற்றியில் வழியும் வேர்வைகூடத் தெரியுமாம். இப்போது ஒரு நிமிடம் பாட்டைப் போட்டு, நடுவில் அறுத்துவிட்டு, ஒருத்தி வந்து காரணமில்லாமல் சிரிக்கிறாள். போன் செய்தால் பனியன் பரிசு. இதையெல்லாம் திட்டுவதற்காகவே ஒரு நிகழ்ச்சி விடாமல் பார்த்தான்.

தொண்ணூற்றிரண்டில், நீண்ட முடிக்காரர்களுக்கு இனி டிவியில் இடமில்லை என்று அரசாங்க உத்தரவு வந்தது. அவனோடு பதினைந்து வருடம் டிரம்ஸ் வாசித்த சுலைமான் முடியை வெட்டிக்கொண்டு போய் ஒரு நிகழ்ச்சியில் வாசித்துவிட்டு வந்தான்.

"முடியோட முதுகெலும்பையும் சேத்து வெட்டிக்கிட்டான்" என்றான் ஆனந்தராஜா. அதோடு அவனிடம் பேச்சை நிறுத்தினான்.

ஞானாம்பிகைக்கு அது பெருமையாக இருந்தது. மேலதிகாரி தும்மினால்கூட எழுந்து நிற்கிற குடும்பம் அவர்களுடையது. அதில் பிறந்த ஒருவன் வளையாமல் நிற்கிறான். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் நாலாவது பாட்டையும் ஐந்தாவது பாட்டையும் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்த ஜனவரியில், அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்தபோது பையில் ஒரு கடிதம் இருந்தது. டிவி நிலையத்தின் பதில். தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது, அடுத்த மாதம் ஒளிப்பதிவு, முடி காதுக்கு மேல் இருக்க வேண்டும். படித்துவிட்டு மடித்துப் பையிலேயே வைத்தாள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போன ஆனந்தராஜா, மொட்டைத் தலையில் சந்தனம் பூசித் திரும்பினான். வாழ்நாளில் விபூதிகூட ஒழுங்காகப் பூசாதவன்.

"நேர்த்திக்கடன்" என்றான்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். போன வருசம் வயித்து வலின்னு கிடந்தியே."

கிளினிக்கில் கொடுத்த நாலு மாத்திரையில் போன வலி அது. துறைமுகத்திலும் கோவிலிலும் அவன் அதை அறுவை சிகிச்சை வரைக்கும் வளர்த்துவிட்டான். உறவுக்காரர்கள் தாழ்ந்த குரலில் அவளை நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

மார்ச்சில் நிகழ்ச்சி வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட மொட்டைத் தலை ஒன்று பலூன்களுக்குப் பின்னால் நின்றது. கிட்டாரில் ஒயரே செருகவில்லை. ஓடுகிற ஒலிநாடாவுக்கு விரலை ஆட்டினான். ஒரு நிமிடத்தில் பாட்டை அறுத்துவிட்டு அந்தப் பெண் வந்து சிரித்தாள்.

மறுநாள் சுலைமான் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு. கேலி செய்வான் என்று பயந்து ஆனந்தராஜா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். ஆனால் அவன் கேலி செய்ய வரவில்லை.

"சாமிக்குக் கொடுத்த முடி. அத நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்லா" என்றான். பிறகு ஞானாம்பிகையிடம் பையை நீட்டினான். "ஆப்பரேசன்னு கேள்விப்பட்டேன். இப்ப எப்படிம்மா இருக்கு?"

ஆனந்தராஜா அவளைப் பார்த்தான். அவன் அப்படிக் கெஞ்சிப் பார்த்து அவள் கண்டதேயில்லை. வேற்று மனிதர் முன்னால் வாய் திறக்காதவள்தானே என்ற தைரியமும் அந்தப் பார்வையில் இருந்தது.

"எனக்கு ஒரு நோயுமில்ல, சுலைமான் அண்ணே. ஆப்பரேசனும் இல்ல. டிவிக்காரன் கடுதாசி பூசத்துக்கு முந்தின வாரமே வந்திருச்சு."

சுலைமான் சிரிக்கவில்லை. பழம் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நண்பனின் பக்கம் திரும்பவே இல்லை.

முடி மறுபடி வளர்ந்தது. அது காதைத் தொடுவதற்குள், மாதம் தவறாமல், ஆனந்தராஜா போய் வெட்டிக்கொண்டு வந்தான். டிவி நிலையம் திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுமாம்.