அம்மாவுக்குச் சொல்ல அக்கா தேர்ந்த மலை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அக்காவின் கையால் ஒரு நேரமாவது சாப்பிட்டவர்கள். உங்களுக்கு அக்காவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் அவர் கடைசியாகச் செய்ய நினைத்த ஒரு காரியம் உங்களுக்குத் தெரியாது. அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

சுன்னாகத்தில், தபால் கந்தோரில் வேலைசெய்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர், அக்காவும் நானும். கொழும்பில் வேலைசெய்துகொண்டிருந்தவர், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு உடுத்த உடுப்போடு ஊர் திரும்பி, பின்னர் லண்டன் வந்தார். டூட்டிங்கில் மரக்கறிக் கடையொன்றின் மேல்மாடியில் அத்தானுடன் குடித்தனம் தொடங்கினார். பகலில் சலவைத் தொழிற்சாலை, பின்னேரத்தில் கந்தோர்களைத் துப்புரவாக்கும் வேலை. என்னை இங்கு எடுப்பித்தவரும் படிப்பித்தவரும் அவரே. சட்டனில் வீடு வாங்கியதும் முதலில் ஒழுங்குபடுத்தியது அம்மாவுக்கும் அப்பாவுக்குமான அறையைத்தான்.

அந்த அறைக்கு அம்மா தனியாகவே வந்து சேர்ந்தார். தொண்ணூறுகளின் நடுவில், சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டு மழைக்குள் நடந்தபோது, வழியில் அப்பா இறந்துபோனார். லண்டன் வந்த பிறகு அம்மா வாசல்படி தாண்டவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டாலும், “நான் நடந்தது காணும் பிள்ளை, இனிப் போதும்” என்பார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

போன கோடையில் அக்காவுக்கு வயிற்றுநோ என்று தொடங்கியது. பரிசோதனைகள் முடிந்தபோது, புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அத்தானுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் தவித்தபோது அக்காதான் முடிவெடுத்தார்.

“நானே சொல்லுறன். வீட்டில வேண்டாம். அந்த அறைக்குள்ள வச்சுச் சொன்னா, பிறகு அவ அதுக்குள்ள எப்பிடிப் படுப்பா? எல்லாரும் ஒருநாள் மலைக்குப் போவம். வெளியில, காத்துக்குள்ள வச்சுச் சொல்லுறன். நடந்து போனாலும் திரும்பி வீட்டுக்கு வரலாம் எண்டதையும் அவ ஒருக்காப் பாக்கட்டும்.”

சட்டனிலிருந்து ரயிலில் போகக்கூடிய தூரத்தில் பொக்ஸ் ஹில் என்ற மலை இருந்தது. வழி எப்படி என்று பார்க்க, ஒரு வேலை நாளில் அக்காவும் நானும் முன்கூட்டியே போனோம். ஆற்றைத் தாண்டியதும் மரங்களுக்கிடையே படிகள் செங்குத்தாக ஏறின. பாதியில் அக்கா குந்திவிட்டார். நெற்றி வியர்த்திருந்தது.

“இது அம்மாவுக்கு ஏலும். எனக்குத்தான் ஏலுமோ தெரியேல்லை” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு வீடு முழுக்க மலைப் பேச்சுத்தான். அக்காவின் பிள்ளைகள் சாண்ட்விச் என்றார்கள். அக்கா புட்டும் முட்டைப் பொரியலும் என்றார். அத்தான் பெற்றோல் நிலையத்தில் ஞாயிறு ஷிப்டை மாற்றிக்கொண்டார். அம்மாவுக்கு அக்கா ஓட்டச் சப்பாத்து வாங்கிவந்தார். “இதென்ன, பொடியள் போடுறதெல்லோ?” என்று அம்மா அதைத் தள்ளிவைத்தார். அக்கா கீழே அமர்ந்து, அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்துப் போட்டுவிட்டார். அக்கா கேட்டதால்தான் அம்மா வரச் சம்மதித்தார்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். படிகளில் அம்மாவைக் கைபிடித்து ஏற்றியவர் அக்கா. நான் பிடிக்கப் போனபோது கண்ணாலேயே தடுத்துவிட்டார். நின்று நின்று, மூச்சு வாங்கி, இருவரும் உச்சிக்கு வந்து புல்லில் அமர்ந்தார்கள். கீழே ஊர்களும் வயல்களும் தெரிந்தன. அக்கா அம்மாவின் கையைத் தன் கைக்குள் எடுத்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பிள்ளைகள் சரிவில் படுத்து உருளத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்த அத்தானும் படுத்து உருண்டார். அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். லண்டனில் அம்மாவின் சிரிப்பை நாங்கள் கேட்டது அன்றுதான்.

அக்கா என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: “இண்டைக்கு வேண்டாம். அவ சிரிச்சுப்போட்டா.”

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு நல்ல நாள் கிடைக்கவில்லை. மார்கழியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வோர்ட்டுக்கு வெளியே இருந்த கதிரையில் அம்மாவை இருத்தி, நான்தான் சொன்னேன். அம்மா கேட்டார்:

“அப்ப மலைக்குப் போகேக்க அவளுக்குத் தெரியுமோ?”

“ஓம் அம்மா.”

“நான் என்ர முழுப் பாரத்தையும் அவளிலயெல்லோ போட்டு ஏறினனான்.”

உள்ளே போனதும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவின் தலையைத் தடவினார். தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. “எப்ப பிள்ளை திரும்ப மலைக்குப் போறம்?” என்று கேட்டார்.

“வெயில் வரட்டும் அம்மா. போவம்.”

தைப்பொங்கலுக்கு முன்னரே அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்.

இரவுபகல் பாராமல் அக்காவைப் பராமரித்த தாதிமாருக்கும், அடுப்பு மூட்ட மனமில்லாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த டூட்டிங், ஹரோ உறவுகளுக்கும், இறுதிக் கிரியைகளில் அத்தானுக்குத் தோள்கொடுத்த நண்பர்களுக்கும், பள்ளிக்கூடம் முடிய அக்காவின் பிள்ளைகளைக் கூட்டிவந்து பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அம்மா மறுபடியும் அறைக்குள்ளேயே இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் அவரை வெளியே கொஞ்சத் தூரம் நடக்கக் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்பார். இருந்தாலும் கூப்பிடுங்கள்.