முதல் கம்பம்

டார்கஸ் பிளைத் பசைச் சட்டியில் இரண்டு விரலை விட்டுத் தாளின் முதுகில் இழுக்கிறாள். கடை திறக்குமுன் புத்தகங்களின் முகப்புத் தாள்களைக் கம்பங்களில் ஒட்டியாக வேண்டும். பேராலய முற்றத்துப் புத்தகக் கடைகளுக்கு அதுதான் விளம்பரம். வாசலை ஒட்டிய முதல் கம்பம் நன்றாக விற்பவற்றுக்கு. பாதிரியார் டூக்கின் பிரசங்க நூல் மட்டும் இரண்டு வருஷமாக, நாய்கள் காலைத் தூக்கும் கடைசிக் கம்பத்தில்.

புருஷன் போனபின் தனியாளாகக் கடை நடத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம். வாங்காமல் நின்றுகொண்டே படிப்பவரிடம், "முடிச்சாச்சா, இல்ல நாற்காலி போடட்டுமா?" என்பாள். டூக்கிடம் மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். சனிக்கிழமை தவறாமல் வந்து, "ஏதாச்சும் போச்சாம்மா?" என்று கேட்கும் கிழவரிடம், "ஒண்ணு போச்சுங்கய்யா" என்று வாராவாரம் புளுகுவாள்.

கடையில் விற்காமல் கிடந்த அந்தப் பிரசங்கத் தாள்களின் குவியலை யாரும் தொடுவதில்லை. அதனால்தான் வீட்டு அடுப்புகளுக்கு அரசு போட்ட வரியைக் கிழித்துத் தொங்கவிடும், அனுமதி பெறாத நூல் ஒன்றை அதன் நடுவில் ஒளித்திருந்தாள். தைக்காமல் தாள்தாளாகவே விற்கிற சரக்கு. மேலே நான்கு தாள் பிரசங்கம் மூடியிருந்தால் கீழே இருப்பது தெரியாது. அகப்பட்டால் கடை போகும், அவளும் சிறைக்குப் போவாள்.

போன சனிக்கிழமை சோதனைக்காரர் இருவர் பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது டூக் வந்தார். குவியலைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"வாரம் ஒண்ணு போகுதுன்னியேம்மா. இது முன்னைவிட ஒசந்துல்ல நிக்குது?"

"அதென்ன குவியல்?" என்று திரும்பினான் சோதனைக்காரன் ஒருவன். டார்கஸ் கிழவரிடம் முந்திக்கொண்டாள்.

"பழசு தீர்ந்துபோச்சுங்கய்யா. திரும்ப அச்சுப் போட்டேன்."

"ரெண்டாம் பதிப்பா!" கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "தம்பிங்களா, பொறுமையப் பத்தி ஒரு எடம் வருது, கேளுங்க." முதல் தாளை எடுத்து உரக்கப் படித்தார். பிறகு இரண்டாவது. டார்கஸ் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் சோதனைக்காரன் கொட்டாவி விட்டான். "ஆளை விடுங்க சாமி!" இருவரும் நடையைக் கட்டினார்கள்.

டூக் நிறுத்தவில்லை. நான்காவதையும் எடுத்தார். ஐந்தாவதைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நான்கு தாள்களையும் வரிசை மாறாமல் அதன்மேல் வைத்து ஓரம் தட்டினார்.

"அடுத்த வாரமும் ஒண்ணு போச்சுன்னே சொல்லும்மா" என்றுவிட்டுப் படியிறங்கினார்.

இந்தத் திங்கட்கிழமை காலை டார்கஸ் பசை தடவிக்கொண்டிருப்பது அவருடைய முகப்புத் தாளில்தான். முதல் கம்பத்தில், சக்கைப்போடு போட்டுக்கொண்டிருக்கும் நாடக நூலின் மேலேயே அதை வைத்து, நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டுகிறாள்.