தறி மோட்டாருக்குப் போடும் ஓட்டை

படகு எஞ்சினைத் தூக்குவதற்கென்று தனியாக ஒரு மோட்டார் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. என் தங்கை கணவர் அதைச் சாக்கில் சுற்றி மண்டபத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. கரையோரம் ஆழம் குறைவு. படகின் பின்னால் தொங்கும் எஞ்சினை அங்கே உயர்த்தாவிட்டால், அடியில் சுழலும் விசிறி பாறையில் மோதி நொறுங்கிவிடும். பழைய எஞ்சின், உப்பு அரித்து மோட்டார் நின்றுவிட்டது. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றும் படகு பதினோரு நாளாகக் கரையில் கிடந்தது. புதிய மோட்டார் சென்னையிலிருந்து வர ஒரு மாதமாகுமாம்.

"தறி ஓடுற எங்க செல்லூர்ல ஆகாத மோட்டாரா? வாங்க மாப்ள" என்று கூட்டிப்போனது நான். அந்த வாயை இன்றும் நொந்துகொள்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நான்காவது சந்தில், எரிந்துபோன விசைத்தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுபவர் கடை வைத்திருந்தார். மூன்று போல்ட் கழன்றன. நான்காவது போல்ட் தலை முறிந்து அவர் கையோடு வந்தது.

"என்ன சார், ஊறுகா ஜாடிக்குள்ள கெடந்துச்சா? எதுக்கு ஓடுற மோட்டாரு இது?"

"எஞ்சினத் தூக்குறதுக்கு" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

மோட்டாரை அங்கேயே விட்டுவந்து, நான்காம் நாள் போனோம். தறி மோட்டார் மாதிரியே பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். கார் பேட்டரியில் ஒயரை வைத்ததும் விர்ரென்று சுற்றியது. மாப்பிள்ளை சிரித்தார். நான் கையில் வாங்கி எண்ணினேன். போல்ட் நான்கு, ஒயர் இரண்டு. அடியில் தீக்குச்சித் தலை அளவில் புதிதாக ஓர் ஓட்டை.

"இது என்னப்பா?"

"ஈரம் தங்காம வடியத்தான் சார். எல்லா தறி மோட்டாருக்கும் போட்டுத்தான் குடுப்பேன்."

மாப்பிள்ளை மோட்டாரை என் கையிலிருந்து பிடுங்கினார். "அண்ணே, இது கடல்தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடக்கும்ணே!"

"முங்குமா? தூக்குறதுன்னா மேலதான இருக்கும்னு நெனச்சேன். சார் சொல்லவே இல்லையே!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

காயில்காரர் ஓட்டையை ஸ்க்ரூ போட்டு அடைக்கப் போனார். மாப்பிள்ளை தடுத்தார். "இருங்கண்ணே. அடைக்கிறதுக்கு முன்னாடி அது வழியாவே காத்தடிங்க. வேற எங்கயாவது ஒழுகுதான்னு பஞ்சர் பாக்குற மாதிரி பாத்துருவோம்."

பக்கத்து சைக்கிள் கடையிலிருந்து பம்பும் ஒரு வாளித் தண்ணீரும் வந்தன. ஓட்டையில் பழைய டியூப் வால்வைச் செருகி, மோட்டாரை முக்கி, காயில்காரர் காற்றடித்தார். வால்வைச் சுற்றிக் குமிழி வரும் என்று அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வரவில்லை. யாரும் கைவைக்காத பக்கவாட்டில் பச்சைப் பெயின்ட் கொப்பளம் போல் உப்பி வெடித்தது. இன்னொன்று. பிறகு அடிவிளிம்பில் வரிசையாக. ஒன்பது இடம் எண்ணினேன். இரும்பே சல்லடையாகியிருந்தது, பெயின்ட்தான் அதை மூடி நின்றது.

"இதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று காயில்காரர் பம்பைக் கீழே வைத்தார்.

"அந்த ஓட்டைய மட்டும் அடச்சிட்டு மாட்டியிருந்தா, ரெண்டு நா ஓடிட்டு நின்னுருக்கும் மச்சான். இருபது பேர வச்சுக்கிட்டு, பாறைக்குப் பக்கத்துல" என்றார் மாப்பிள்ளை. அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை எதிர்ச்சாரி எஸ்டிடி பூத்துக்குள் போய்ச் சென்னைக் கடைக்குப் பேசினார். கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன்.

"புதுசே அனுப்புங்க" என்பது கேட்டது. "ஒரு மாசம் ஆனாலும் ஆகட்டும். படகு கரையிலயே கெடக்கட்டும்."